மாறக் கூடாத வரிகள்

பர் துபாயின் மீனா பஜாரிலும் அதை ஒட்டிய கராமாவிலும் இரண்டு வகைக் கடைகள் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. ஒன்றில் விசிட்டிங் கார்டும் பில் புத்தகமும் ஸ்டிக்கரும் அடித்துத் தருவார்கள். மற்றொன்று டைப்பிங் சென்டர். விசா, வேலை அனுமதி, வாடகை ஒப்பந்தம் என்று அரசுப் படிவங்களை நிரப்பித் தருவது அதன் வேலை. தொழில் வேறு என்றாலும் இரண்டு கடைகளும் தினமும் ஒரே கேள்விக்குத்தான் விடை எழுதுகின்றன. ஒரு தாளில் எது எல்லோருக்கும் பொதுவாக நிற்க வேண்டும், எது ஆளுக்கு ஆள் மாற வேண்டும்?

இணையத்தில் அச்சு ஆர்டர் எடுக்கும் மென்பொருள்கள் தம் பொருள்களை வகை பிரிப்பதும் பெரும்பாலும் இந்தக் கேள்வியை வைத்துத்தான். மாறாத பொருள் ஒரு வகை: நிறுவனத்தின் பாதுகாப்புக் கையேடு போன்றது, எத்தனை பிரதி என்று சொன்னால் போதும். வாடிக்கையாளர் தன் கோப்பைத் தானே ஏற்றி அனுப்புவது இன்னொரு வகை. அதில் உள்ள எழுத்துக்கும் பிழைக்கும் அவரே பொறுப்பு. மூன்றாவது, மாறுபடும் ஆவணம். லோகோ, முகவரி, நிபந்தனைகள் எல்லாம் டெம்ப்ளேட்டில் பூட்டப்பட்டிருக்கும். பெயர், பதவி, கைபேசி எண் போன்ற சில கட்டங்கள் மட்டுமே திறந்திருக்கும். ஆளுக்கொரு தாள் அடிக்கலாம் என்று சொல்லித்தான் இந்த மூன்றாவது வகையை விற்கிறார்கள். ஆனால் அதன் பெரிய பயன், மாறக் கூடாததை யாரும் மாற்ற முடியாமல் வைத்திருப்பதில் இருக்கிறது என்பதே என் வாதம்.

இந்தப் பிரிப்பு எப்படி வந்தது என்பதிலேயே அதற்குச் சான்று கிடைக்கிறது. ஆஃப்செட் அச்சில் வண்ணத்துக்கு ஒரு தகடு, நான்கு வண்ணத்துக்கு நான்கு. தகட்டில் ஏறிய உரு மாறாது. ஒரு பெயரைத் திருத்தக்கூடப் புதுத் தகடு போட வேண்டும். 1993இல் பர்மிங்காமில் நடந்த ஐபெக்ஸ் கண்காட்சியில் இஸ்ரேலின் இன்டிகோவும் பெல்ஜியத்தின் சைகானும் வண்ண டிஜிட்டல் அச்சுப் பொறிகளைக் கொண்டுவந்தபோது இந்தத் தடை உடைந்தது. அவற்றில் ஒவ்வொரு தாளுக்கும் உரு புதிதாகவே உருவாவதால் அடுத்த தாளில் வேறு பெயர் வரலாம். ஆனால் சுமை கணினியின் தலையில் ஏறியது. பத்தாயிரம் தாள்களையும் முழுமுழுக்கத் தனித்தனிப் புள்ளிப் படங்களாக மாற்றினால் பொறி காத்துக் கிடக்கும். அதனால் பொதுவான பகுதியை ஒருமுறை மட்டும் புள்ளிகளாக்கி நினைவில் வைத்துக்கொண்டு, மாறும் துண்டுகளை அதன்மேல் சேர்க்கும் முறை வளர்ந்தது. 2010இல் வெளியான பிடிஎஃப்/விடி என்ற ஐஎஸ்ஓ தரம் இதற்கென்றே எழுதப்பட்டது. வேகத்துக்காகவே என்றாலும், எது நிலையானது, எது மாறுவது என்று அச்சுக்கு முன்பே அறிவித்தாக வேண்டிய கட்டாயம் இப்படித்தான் வந்தது.

அந்தக் கட்டாயம் ஒரு தொழிலாளிக்கு என்ன செய்யும் என்பதை அமீரகத்தின் வேலை வாய்ப்புக் கடிதம் காட்டுகிறது. ஊரில் ஒரு சம்பளம் சொல்லிக் கையெழுத்து வாங்குவது, வந்து இறங்கிய பிறகு வேறொரு தாளை நீட்டுவது: வளைகுடாவின் நெடுநாள் கொடுமை இது. 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் அமைச்சகத்தின் ஆணை, கடிதத்துக்கு ஒரே நிலையான படிவத்தை வகுத்தது. தொழிலாளி நாட்டுக்குள் வருவதற்கு முன்பே அதில் கையெழுத்திட வேண்டும். பிறகு போடும் ஒப்பந்தம் அதோடு பொருந்த வேண்டும். அரபியும் ஆங்கிலமும் போக, அவருக்குத் தெரிந்த மூன்றாவது மொழியிலும் படிவம் இருக்க வேண்டும் என்றார்கள். அந்த மொழிகளின் பட்டியலில் தமிழும் உண்டு. அமீரகத்தில் வழக்கு என்று வந்தால் அரபி வாசகமே செல்லும். ஆகவே தமிழில் ஒரு தொகை, அரபியில் ஒரு தொகை என்று வந்துவிட்டால் தமிழ்ப் பக்கம் வெறும் காகிதம். சம்பளத்தை ஒரே கட்டத்தில் ஒரே முறை பதிந்து, எல்லா மொழிப் பத்திகளிலும் அதுவே அச்சாகும்படி வைத்தால் இந்த ஆபத்து எழவே எழாது. இதே கடிதத்தை முதலாளி தன் விருப்பப்படி தயாரித்து ஏற்றலாம் என்று விட்டிருந்தால், ஒவ்வொரு நிபந்தனையையும் ஒவ்வொரு மொழியிலும் யாராவது உட்கார்ந்து ஒப்பிட வேண்டியிருக்கும்.

டெம்ப்ளேட்டைப் பூட்டினால் பொய் நின்றுவிடுமா என்று கேட்கலாம். நிற்காது, திறந்த கட்டத்தில் பொய்யை எழுத முடியும். ஆனால் பூட்டிய படிவத்தில் பொய் ஒளிய இடம் குறைவு. பல பக்கங்களைச் சந்தேகிக்க வேண்டிய இடத்தில் நாலைந்து கட்டங்களைப் பார்த்தால் போதும், அதைத் தொழிலாளியே செய்துவிடலாம். அச்சுக்கு முன் புரூஃப் காட்டி ஒப்புதல் வாங்குவதால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதத்துக்கும் இதுவே பதில். எல்லாமே மாறக்கூடிய தாளில் புரூஃப் பார்ப்பவருக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியாது.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. பூட்டுகிறவருக்கே விவரம் தெரியாமல் இருந்தால்? தமிழர்கள் இதை நேரடியாக அனுபவித்தார்கள். 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அமீரகம் விமான நிறுவனங்களுக்குத் தெரிவித்தது. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லாத நம்மில் பலருக்குக் கடவுச்சீட்டில் அந்தக் கட்டம் பிறப்பிலிருந்தே காலி. உலகத்தோடு ஒத்துப்போய்ப் பெயரை நீட்டிக்கொள்ளலாமே என்பவர்கள், கடவுச்சீட்டுகளுக்கான ஐசிஏஓ 9303 தரமே இரண்டாவது பெயர்க் கட்டத்தைக் காலியாக விட இடம் தருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே பெயரில் பலர் இருக்கும்போது ஆளைப் பிரித்தறிய வேண்டும் என்பது நியாயமான தேவை. அதற்குத் தகப்பனார் பெயர் போதும். கடவுச்சீட்டின் இன்னொரு பக்கத்தில் அது இருந்தால் ஏற்கலாம் என்று பின்னர் விளக்கமும் வந்தது. பூட்டுவது தவறில்லை, யாரை மனதில் வைத்துக் கட்டம் வரைந்தார்கள் என்பதில்தான் தவறு.

பர் துபாயில் அடிக்கும் விசிட்டிங் கார்டிலும் இதே சிக்கல் சிறிய அளவில் உண்டு. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் அரபி. அரபியில் 'ப' ஒலிக்கு எழுத்தில்லை, 'ழ' இல்லை. பழனி என்ற ஒருவரின் பெயரை மென்பொருள் தானாக அரபியாக்கினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வரலாம். அவருடைய அமீரக அடையாள அட்டையான எமிரேட்ஸ் ஐடியில் அரபிப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பார்த்து அப்படியே பதியத் தனிக் கட்டம் வேண்டும், இனிஷியலுக்கு இன்னொன்று வேண்டும், குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தாலும் ஆர்டர் ஏறும்படி இருக்க வேண்டும். இதற்காக எந்த அச்சுப் பொறியையும் மாற்றத் தேவையில்லை. டெம்ப்ளேட் போடுபவர் ஒரு மதியப் பொழுதில் முடித்துவிடலாம்.