கூரைச் சூட்டில் வெந்நீர்: தட்டு வாங்கும் முன் ஒரு கணக்கு

தோட்டத்து லயன் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். காலையிலிருந்து காய்ந்து கிடக்கும் சிங்க் கூரையின் மீது பிற்பகலில் மழை கொட்டும். கூரை ஓரத்தில் கையை நீட்டினால் முதலில் வழியும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். சிறிது நேரத்தில் குளிர்ந்துவிடும். நாங்கள் அதில் கால் நனைத்து விளையாடியதோடு சரி.

அதே மாதிரி தண்ணீரைப் பார்த்து அமெரிக்காவில் ஒருவர் வீடே கட்டினார். அவர் பெயர் ஹாரி தாமசன். 1956-இல் வட கரோலினாவில் மழைக்காக ஒரு கொட்டகையில் ஒதுங்கியபோது, தகரக் கூரையிலிருந்து வழிந்த நீர் சூடாக இருந்ததைக் கவனித்தார். 1959-இல், வாஷிங்டன் நகரை ஒட்டிய மேரிலாந்தில் தம் குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டினார். குளியலுக்கு வெந்நீர், குளிர்காலத்தில் அறைகளுக்கு வெப்பம் இரண்டையும் பெரும்பாலும் வெயிலிலிருந்தே எடுக்க வேண்டும் என்பது திட்டம். துணைக்கு ஓர் எண்ணெய் அடுப்பும் வைத்திருந்தார். முதல் குளிர்காலத்தில் அதற்கான செலவு 5 டாலரைக்கூட எட்டவில்லை.

தாமசனின் நினைவு இப்போது வரக் காரணம் என் அக்கா மகன். மெல்பர்னில் ஒரு பழைய மரவீட்டை வாங்கியிருக்கிறான். "மாமா, கூரையில் தண்ணீரைச் சூடாக்கி, குளிக்கவும் வீட்டைச் சூடாக்கவும் நானே ஓர் அமைப்பு செய்யப் போகிறேன். 10 சதுர மீட்டர் தட்டு, 300 லிட்டர் தொட்டி போதுமா?" என்று கேட்டான். பணத்தைக்கூட ஒதுக்கி வைத்துவிட்டான்.

பலரும் இப்படித்தான் கூரையிலிருந்து தொடங்குகிறார்கள். தாமசனின் வீட்டில் கவனிக்க வேண்டியது கூரையைவிட நிலவறைதான். கூரையில் இருந்தது எளிய பொருள்: கறுப்பு வண்ணம் பூசிய நெளி அலுமினியத் தகடு, அதன் மேல் கண்ணாடி. ஒரு பம்ப் தண்ணீரைக் கூரை உச்சிக்கு ஏற்றும். தகட்டின் நெளிவுகள் வழியே சன்னமாக வழிந்து, சூடேறி, கீழே ஒரு வாய்க்காலில் சேர்ந்து நிலவறைத் தொட்டிக்குப் போகும். தொட்டியின் கொள்ளளவு 1,600 கேலன், அதாவது சுமார் 6,000 லிட்டர். அதைச் சுற்றிலும் கைப்பிடி அளவுக் கற்கள், 50 டன்! தொட்டியின் சூடு கற்களுக்கு மெல்ல இறங்கும். ஒரு மின்விசிறி கற்களின் இடுக்குகள் வழியே காற்றைச் செலுத்தி அறைகளுக்கு அனுப்பும். மூன்று நாள் மேகம் மூடினாலும் கற்கள் வெப்பத்தை வைத்திருக்கும்.

இந்த அமைப்பில் இன்னொரு வசதியும் உண்டு. பம்ப் நின்றால் கூரையில் ஒரு துளியும் தங்காது; எல்லாம் தொட்டிக்கு வழிந்துவிடும். உறைபனி இரவில் குழாய் வெடிக்க வாய்ப்பே இல்லை. குறையும் உண்டு. தகட்டில் திறந்தபடி ஓடும் நீர் ஆவியாகி, கண்ணாடியின் அடிப்பக்கத்தில் படியும். அந்த வழியாகக் கணிசமான வெப்பம் வெளியே போய்விடும். ஆனாலும் ஆர்வமுள்ள ஒருவர் தம் கையால் செய்துகொள்ளக்கூடிய அமைப்பு அது.

சேமிப்புக்கு ஏன் இத்தனை இடம்? தோட்டத்தில் கிடக்கும் ரப்பர் குழாயை நினைத்துப் பாருங்கள். வெயிலில் கிடந்த குழாயைத் திறந்தால் முதலில் கை பொறுக்காத சூடு. உடனே பச்சைத் தண்ணீர். அரை அங்குலக் குழாய் 15 மீட்டர் நீளம் இருந்தாலும் உள்ளே இருப்பது 2 லிட்டருக்கும் குறைவு. சூடு என்பது வேறு, வெப்பத்தின் அளவு என்பது வேறு. 1 லிட்டர் நீரை 1 டிகிரி உயர்த்த சுமார் 4.2 கிலோ ஜூல் வேண்டும். 3,600 கிலோ ஜூல் சேர்ந்தால் 1 கிலோவாட்-மணி, அதாவது மின்கட்டண ரசீதில் வரும் 1 யூனிட். இந்த இரண்டு எண்கள் இருந்தால் திட்டமிட்டுவிடலாம்.

அக்கா மகனின் வீட்டுக்கு வருவோம். மெல்பர்ன் குளிர்காலத்தில் வெளியே சராசரி சுமார் 10 டிகிரி; உள்ளே 20 வேண்டும். காற்றுப் புகும் பழைய மரவீடு, ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 300 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 டிகிரிக்கு 3,000 வாட். ஒரு நாளைக்கு 72 யூனிட். அவன் நினைத்த 300 லிட்டர் தொட்டியை 20 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் கிடைப்பது 7 யூனிட். இரண்டரை மணி நேரம்கூடத் தாங்காது. மாலை ஏழு மணிக்குத் திறந்தால் படுக்கப் போவதற்குள் தொட்டி காலி.

சரி, பெரிதாகச் செய்தால்? அங்கே குளிர்காலத்தில் வடக்கு நோக்கிச் சாய்த்து வைத்த, வீட்டில் செய்த தட்டு, சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 1 யூனிட் தந்தால் நல்லது. அப்படியானால் 72 சதுர மீட்டர் தட்டு வேண்டும். கூரையே போதாது. ஆனால் ஜன்னல் இடுக்குகளை அடைத்து, கூரைக்கு அடியிலும் தரைக்கு அடியிலும் வெப்பக் காப்பு விரித்து, இழப்பைப் பாதியாக்கினால் தேவை 36 யூனிட். 36 சதுர மீட்டர். மூன்று மேக நாட்களுக்கான சேமிப்பு 108 யூனிட். அதை நீரில் 20 டிகிரி ஏற்றத்தாழ்வில் வைக்க 4,600 லிட்டர் தொட்டி வேண்டும். கிட்டத்தட்ட தாமசனின் தொட்டி! அவர் ஏன் அப்படிக் கட்டினார் என்பது இப்போது புரிகிறது அல்லவா? ஒதுக்கிய பணத்தில் முதல் வெள்ளி இடுக்குகளை அடைக்கத்தான் போக வேண்டும் என்று அவனுக்கு எழுதினேன். சூரியத் தட்டை எதிர்பார்த்தவனுக்கு அது அவ்வளவு சுவையான பதில் இல்லை.

நம் நாட்டில் அறையைச் சூடாக்கும் தேவை கிடையாது. கேமரன் மலையில்கூட ஒரு கம்பளி போதும். நமக்கு வேண்டியது குளியலுக்கு வெந்நீர் மட்டுமே. அதனால் கணக்கு வெகுவாகச் சுருங்குகிறது. நான்கு பேர், ஆளுக்கு 40 லிட்டர்; 160 லிட்டர். நம் குழாய் நீர் ஏற்கனவே 27 டிகிரி அளவில் வருகிறது. அதை 45 ஆக்கினால் போதும். 18 டிகிரிக்கு வேண்டியது சுமார் 3.4 யூனிட். இங்கே சதுர மீட்டருக்கு ஒரு நாள் வெயில் ஏறத்தாழ 4.5 யூனிட். வீட்டில் செய்த தட்டு அதில் 40 விழுக்காட்டைப் பிடித்தால் 1.8 யூனிட். ஆக, 2 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு கதவின் அளவு. மிச்சமாவது மாதம் சுமார் 100 யூனிட் மின்சாரம். உங்கள் ரசீதில் உள்ள விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள். தொகை சிறிதாகத் தோன்றினால் செய்ய வேண்டாம். அதுவும் திட்டமிடலின் பலன்தான்.

செய்வதென்றால் பொருள்களில் கவனம் வேண்டும். நான் முதன்முதலில் செய்த பெட்டியில் தட்டுக்கு அடியில் ஸ்டைரோஃபோம் வைத்தேன். மலிவு, எளிதில் வெட்டலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஓடாமல் நின்றுவிட்டது. மாலையில் திறந்து பார்த்தால் நுரை அட்டை சுருங்கி, தட்டோடு ஒட்டிக் கிடந்தது. கண்ணாடிக்குள் நீரோட்டம் இல்லாத தட்டு 100 டிகிரியைத் தாண்டும். ஸ்டைரோஃபோம் அதற்கு முன்பே இளகிவிடும். ராக்வுல் வைத்திருக்க வேண்டும். சாதாரண வெள்ளை பிவிசி குழாயும் அப்படித்தான். 60 டிகிரியை நெருங்கும்போது தளரும். சூடான பக்கத்துக்குச் செம்புக் குழாயே நல்லது.

பம்ப் இல்லாமலும் நீர் சுற்றும். சூடான நீர் இலேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். அதற்குத் தொட்டியின் அடி, தட்டின் உச்சியைவிட ஓர் அடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவில் ஓட்டம் திரும்பி, பகலில் சேர்த்ததைத் தட்டு வானத்துக்கே விட்டுவிடும். குழாய் வழியெங்கும் ஏறுமுகமாகவே இருக்க வேண்டும். நடுவே ஒரு மேடு இருந்தால் காற்று அடைத்துக்கொள்ளும்.

இனி, கவனிக்காமல் விட்டால் ஆளைக் காயப்படுத்தும் விஷயங்கள். ஊரில் யாருமில்லாத வாரத்தில் தொட்டி 70 டிகிரிக்குப் போகும். 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலை வேகவைத்துவிடும். குழந்தைக்கும் முதியவருக்கும் இன்னும் விரைவாக. அப்படியானால் 40 டிகிரியிலேயே வைத்துக்கொள்ளலாமே என்றால் அதுவும் ஆகாது. நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகுவது அந்த வெதுவெதுப்பில்தான். தொட்டியில் நன்றாகச் சூடாக வைத்து, குளியலறைக்கு முன் பச்சைத் தண்ணீரைத் தானாகக் கலந்து கொடுக்கும் கலப்பு வால்வு பொருத்துவதே வழி. செலவைக் குறைக்க இதை விட்டுவிடாதீர்கள். அழுத்தமும் உண்டு. 160 லிட்டர் நீர் 27-இலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது சுமார் 2 லிட்டர் பெருகும். மூடிய தொட்டியில் அது போக இடமில்லை. அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு இல்லாமல் தொட்டியை மூடவே கூடாது.

எடை? 160 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 160 கிலோ. தொட்டியும் சட்டமும் சேர்ந்தால் 200 கிலோவை நெருங்கும். தாமானில் உள்ள வரிசை வீட்டின் கூரைச் சட்டம் ஓட்டையும் காற்றையும் தாங்கக் கட்டப்பட்டது. ஒரே இடத்தில் இந்தப் பாரத்தை வைக்கும் முன் கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்தாக வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி தாமசனுடையது. தொட்டியைத் தரையில், பின்கட்டுச் சுவரோரம் வையுங்கள். மூடி இறுக்கமில்லாத, அழுத்தமில்லாத தொட்டி. அதன் நீர் தட்டுக்கும் தொட்டிக்கும் இடையே மட்டும் சுற்றும். குளிக்கும் நீர் தொட்டிக்குள் இருக்கும் செம்புச் சுருளின் வழியே ஓடிச் சூடாகி வரும். சுருளில் தங்குவது சில லிட்டர் என்பதால் கிருமிக்கும் அதிக இடமில்லை. கலப்பு வால்வு இங்கும் வேண்டும். தட்டு தொட்டியைவிடச் சில டிகிரி சூடாகும்போது ஓடத் தொடங்கி, வித்தியாசம் மறைந்ததும் நிற்கும் ஒரு சிறு பம்ப் போதும். கூரையில் மிஞ்சுவது கதவளவுத் தட்டு மட்டும். அதையும் பிற்பகல் புயல்காற்று தூக்கிப் போகாதபடி ஓட்டோடு அல்ல, சட்டத்தோடு முடுக்க வேண்டும்.