காட்டுப்பாக்கத்தில் குடியேற எவ்வளவு வேண்டும்?

சென்னையில் மணப்பாக்கத்திலோ கிண்டியிலோ வேலை கிடைத்து வெளியூரிலிருந்து வருகிறவர்கள் போரூரில் வீடு தேடி, வாடகை கட்டுப்படியாகாமல் ஐயப்பன்தாங்கல் தாண்டிக் காட்டுப்பாக்கத்துக்கு வந்து சேர்கிறார்கள். மவுண்ட்-பூந்தமல்லி சாலைக்கு மேலே மெட்ரோ பாதை போகிறது. கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி புறவழிச்சாலை வரையிலான 26.1 கிலோமீட்டர் வழித்தடத்தில் இந்த ஊருக்கும் ஒரு நிலையம் உண்டு. அதனால் வீட்டுக்காரர்களின் எதிர்பார்ப்பும் கூடியிருக்கிறது. ஆனால், புதிதாக வரும் குடும்பத்தின் கழுத்தை நெரிப்பது மாத வாடகை அல்ல, அட்வான்ஸ்தான்.

வாடகை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சென்னையின் பழைய வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் 1,50,000. முதல் மாத வாடகை 15,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 15,000. பால் காய்ச்சுவதற்கு முன்பே 1,80,000 ரூபாய் போய்விடும். வேலையில் சேர்ந்து முதல் சம்பளம்கூட வாங்காத ஒருவர் இதற்கு எங்கே போவார்? நகையை அடகு வைப்பார், இல்லையென்றால் வட்டிக்கு வாங்குவார்.

இதற்காகவே ஒரு சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. அந்தக் கணக்கில் மேலே சொன்ன 1,80,000 என்பது 75,000 ஆகக் குறையும். ஆனால், இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் இந்த வரம்பு பொருந்தாது. அதனால் கையெழுத்துக்கு முன் பேசுவதுதான் பேச்சு. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வெளிநாட்டு உதாரணம்: ஸ்பெயினில் வீட்டு வாடகைக்குச் சட்டப்படியான வைப்புத்தொகை ஒரு மாதம்தான். கூடுதல் உத்தரவாதம் கேட்டாலும் பொதுவாக இரண்டு மாதத்தைத் தாண்டக் கூடாது. அங்கே 2023-இல் வந்த வீட்டுவசதிச் சட்டம், புரோக்கர் கூலியை வீட்டுக்காரர் தலையில் வைத்தது. நியாயமான ஏற்பாடு அது. இங்கேயும் வர வேண்டும்.

அடுத்தது கரண்ட். தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70. தனி இணைப்பில் 300 யூனிட் செலவழித்தால் கட்டணம் 705 ரூபாய். ஒரே இணைப்பைப் பல போர்ஷன்களுக்குப் பிரித்து, சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கும் வீட்டில் அதே 300 யூனிட்டுக்கு 2,700 ரூபாய். அரசு கொடுக்கும் சலுகை குடியிருப்பவருக்கு வந்து சேராமலே போகிறது. மாதத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் இப்படிக் கூடினால், வாடகை 16,000 என்றுதானே பொருள்? வீடு பார்க்கும்போதே 'தனி மீட்டரா?' என்று கேட்டுவிடுங்கள்.

தண்ணீர் விஷயம் மனதை வருத்துகிறது. சென்னைக்கே குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி இங்கிருந்து சில கிலோமீட்டர்தான். ஆனாலும் பல வீடுகளில் குடிப்பதற்குக் கேன் தண்ணீர்தான். இரண்டு நாளைக்கு ஒரு கேன், விலை 40 ரூபாய் என்றால் மாதம் 600. கோடையில் போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்க நேர்ந்தால், அந்தச் செலவு மெயின்டனன்ஸுக்குள் வருமா, தனியாகப் பிரிப்பார்களா என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். மெயின்டனன்ஸ் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் வீட்டுக்கு வீடு வேறு வேறு கணக்கு ஒளிந்திருக்கும்.

போக்குவரத்தில் கொஞ்சம் ஆறுதல் உண்டு. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை.

காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் வழக்கம். அதை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். வாடகைத் தகராறு வந்தாலும் வீட்டுக்காரர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தச் சட்டம் இடம் தரவில்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். முகவரியில் சென்னை 600056 என்று இருந்தாலும் காட்டுப்பாக்கம் திருவள்ளூர் மாவட்டத்தில், பூந்தமல்லி வட்டத்தில் இருக்கிறது. முறையீடு என்று வந்தால் போக வேண்டியது சென்னை மாவட்ட அதிகாரியிடம் அல்ல, திருவள்ளூர் மாவட்டத்தின் வாடகை அதிகாரியிடம்.