காய்ச்சல் வந்தால் இரத்தப் பரிசோதனை: மலேரியா பற்றி மீள்குடியேறுவோர் அறிய வேண்டியவை

நீங்கள் ஊரை விட்டுப் புறப்பட்ட காலத்தில் வன்னியிலும் மன்னாரிலும் மலேரியா வராத வீட்டைக் காண்பது அரிது. 1999ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 2 இலட்சத்து 64 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு இந்நோய் இருப்பது கண்டறியப்பட்டது. அவர்களில் பெரும் பகுதியினர் வடக்கு, கிழக்கு மக்கள். இன்று நிலைமை வேறு. உள்நாட்டில் தொடர்ந்து பரவி வந்த மலேரியாவின் கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

அப்படியானால், இந்தியாவிலிருந்து திரும்பிய உங்களிடம் காய்ச்சல் என்றவுடன் ஏன் மலேரியாவுக்காக இரத்தம் எடுக்கிறார்கள்? நோய்தான் போயிருக்கிறது, அதைப் பரப்பும் நுளம்பு போகவில்லை. நோய்க்கிருமியுடன் ஒருவர் வந்து சேர்ந்தால், அவரைக் கடிக்கும் நுளம்பு அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும். 2018இன் இறுதியில் மொனராகலை மாவட்டத்தில் இப்படித்தான் நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்கு மலேரியா தொற்றியது. உடனே கண்டுபிடித்ததால் அது அங்கேயே நின்றது.

இந்த நோயை ஒழிக்க யார் செலவு செய்தார்கள் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். சுகாதார அமைச்சின் மலேரியாத் தடை இயக்கம் 1911இல் தொடங்கப்பட்டது. ஊழியர் சம்பளம், ஆய்வுகூடங்கள், மருந்து விசிறல் ஆகியவற்றை அரசாங்கம் ஏற்றது. போர்க்காலத்திலும் இந்த வேலை வடக்கு கிழக்கில் முற்றாக நிற்கவில்லை. இதற்கு மேலதிகமாக, 2002இல் உருவான எயிட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிரான உலகளாவிய நிதியத்திலிருந்து பணம் வந்தது. நீண்ட காலம் பாவிக்கக்கூடிய மருந்தூட்டிய நுளம்பு வலைகளை எங்கள் கிராமங்களுக்குப் பெருமளவில் கொண்டுவந்தது இந்தப் பணமே. அந்த நிதியத்தின் பெரும் பகுதி பல நாட்டு அரசாங்கங்கள் தமது மக்களின் வரிப்பணத்திலிருந்து கொடுப்பது.

இத்தகைய உதவியில் ஒரு சிக்கல் உண்டு. நோய் இருக்கும்வரை பணம் வரும். நோய் குறைந்தால், இனி ஏன் செலவு என்ற கேள்வி எழும். இலங்கை இதை ஒருமுறை அனுபவித்திருக்கிறது. 1934-35இல் ஏறத்தாழ 80 ஆயிரம் பேரைக் கொன்ற மலேரியா, டி.டி.ரி. விசிறலின் பின் 1963இல் வெறும் 17 நோயாளராகச் சுருங்கியது. வென்றுவிட்டோம் என்று எண்ணி விசிறலை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1968, 1969ஆம் ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் நோயுற்றனர். இப்போது வீடு வீடாக மருந்து விசிறுவதைவிட, வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு நோயாளரையும் விரைவில் கண்டுபிடிப்பதையே நாடு பெரிதும் நம்பியிருக்கிறது. அந்த வேலை உங்கள் ஒத்துழைப்பு இல்லாமல் நடக்காது.

தமிழ்நாட்டில் சென்னை, இராமேஸ்வரம் போன்ற இடங்களில் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் பெருகும் ஒருவகை நுளம்பு மலேரியாவைப் பரப்பி வந்தது. அங்கு அதிகம் காணப்படும் விவாக்ஸ் வகைக் கிருமி ஈரலில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து பின்னர் காய்ச்சலாக வெளிப்படும். ஆகவே, “வந்து ஆறு மாதமாகிவிட்டது, இனி ஒன்றுமில்லை” என்று இருந்துவிடாதீர்கள். காய்ச்சல், நடுக்கம், தலையிடி வந்தால் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். இந்தியாவில் இருந்ததை நீங்களாகவே சொல்லுங்கள். இங்கு மலேரியா அரிதாகிவிட்டதால் இளம் வைத்தியர்கள் பலர் ஒரு நோயாளரைக்கூடக் கண்டதில்லை. நீங்கள் சொல்லாவிட்டால் டெங்கு என்றே முதலில் நினைப்பார்கள். விமானத்தில் வந்தீர்களா, படகில் வந்தீர்களா என்பதல்ல, எந்த ஊரில் எப்போது வரை இருந்தீர்கள் என்பதே அவர்களுக்குத் தேவை. பரிசோதனையும் மருந்தும் இலவசம். முதல் தடவை கிருமி தென்படாமல் காய்ச்சல் தொடர்ந்தால் மீண்டும் இரத்தம் கொடுங்கள்.

விவாக்ஸ் என்று உறுதியானால் மூன்று நாள் குளோரோகுயினும், ஈரலிலுள்ள கிருமியை அழிக்க 14 நாள் பிறைமாகுயினும் தருவார்கள். காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிடும், பலர் அத்தோடு குளிசையை நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ காய்ச்சல் திரும்பும். கர்ப்பிணிகளுக்குப் பிறைமாகுயின் கொடுப்பதில்லை என்பதால், கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வீட்டுக் கிணற்றையும் பாருங்கள். முன்னர் சொன்ன அந்த நகரத்து நுளம்பு 2016இல் மன்னாரிலும் கண்டறியப்பட்டது. வருடக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்த வளவின் பாழ்கிணறு அதற்கு நல்ல இடம். பாவிக்கும் கிணறென்றால் இறைத்துத் துப்புரவாக்கி, வலையால் மூடுங்கள். தண்ணீர்த் தாங்கியின் மூடியையும் இறுக்கமாக வையுங்கள். பாவிக்காத கிணறென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். குடம்பிகளைத் தின்னும் மீன்களை விடுவதற்கு அவர் ஏற்பாடு செய்வார்.