உருமாறும் வைரஸும் நம் கடை நேரமும்

"டெல்டாவுக்குக் கடையையே மூடச் சொன்னார்கள். ஒமைக்ரானுக்கு ஞாயிறு மட்டும் மூடச் சொன்னார்கள். இரண்டும் கொரோனாதானே?" என்று உறுப்பினர்கள் பலர் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான்.

நாள்சிட்டையிலிருந்து பேரேட்டுக்குக் கணக்கை எடுத்தெழுதும்போது எங்காவது ஒரு வரியில் கை தவறுவது நமக்குப் புதிதல்ல. வைரஸும் உடலுக்குள் தன்னைப் பிரதியெடுத்தே பெருகுகிறது. அதில் விழும் பிழைகளில் பெரும்பாலானவற்றால் எதுவும் ஆவதில்லை. எப்போதாவது ஒன்று வைரஸுக்கு ஆதாயமாகிவிடும். அந்த வகை மற்றவற்றை ஓரங்கட்டிவிட்டு ஊரெங்கும் பரவும். தொற்று பெருகப் பெருகப் பிரதிகளும் பெருகும், பிழைக்கான வாய்ப்பும் கூடும்.

டெல்டா 2020-ன் பிற்பகுதியில் நம் நாட்டில்தான் முதலில் கண்டறியப்பட்டது. தொடக்கத்தில் பரவிய வகையைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வேகம் அதற்கு. தடுப்பூசி போட்டவர்கள் அப்போது சொற்பம். ஆக்சிஜன் படுக்கைக்காக மக்கள் அலைந்ததை மறக்க இயலாது. 2021 மே 10 முதல் மளிகைக் கடைகளுக்கு நண்பகல் 12 மணி வரை, 15 முதல் காலை 10 மணி வரை என நேரம் சுருங்கி, 24 முதல் அடியோடு மூட நேர்ந்தது. 31 முதல் தொலைபேசியில் ஆர்டர் வாங்கி வீட்டுக்கே சரக்கு அனுப்ப அனுமதி கிடைத்தது.

ஒமைக்ரானின் கதை வேறு. அதன் முள்புரதத்தில் மட்டும் 30-க்கு மேற்பட்ட மாற்றங்கள். எனவே முன்பு நோய் கண்டவர்களையும் ஊசி போட்டவர்களையும்கூட அது தொற்றியது. ஆனால் நுரையீரலை டெல்டா அளவுக்குத் தாக்கவில்லை. தடுப்பூசியும் உயிரைக் காத்தது. அதனால் 2022 ஜனவரியில் இரவு ஊரடங்கும் ஞாயிறு முழு ஊரடங்கும் போதுமென்று கருதப்பட்டது. வார நாட்களில் வியாபாரம் நடந்தது. மாத இறுதிக்குள் அவையும் நீங்கின.

கடை நேரத்தைக் குறைப்பதில் மட்டும் நமக்கு உடன்பாடில்லை. நாள் முழுதும் வரவேண்டிய வாடிக்கையாளர்கள் நான்கு மணி நேரத்தில் வந்தால் கூட்டம் கூடத்தானே செய்யும்? இனியொரு உருமாறிய வைரஸ் வருமானால், நேரக் குறைப்புக்குப் பதிலாக வீட்டு விநியோகத்துக்கு முதல் நாளிலிருந்தே அனுமதி கேட்பது நல்லது.

நாமும் தவறான இடத்தில் பாடுபட்டோம். ரூபாய் நோட்டுக்குச் சானிடைசர் தெளித்துக் கல்லாவில் காயவைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! இந்த வைரஸ் பெரும்பாலும் பரவுவது காற்றில். மூட்டைகளை அடுக்கிப் பின்வாசலை அடைத்துவிட்ட கடையில் மூச்சுக்காற்று அப்படியே தேங்கி நிற்கும். அந்த வழியைத் திறந்து, காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி ஒன்றைப் பொருத்தினால் பயன் அதிகம். காய்ச்சல் கண்ட சிப்பந்தி கூலி போய்விடுமோ என்று அஞ்சியே வேலைக்கு வருகிறார். அவருக்கு மூன்று நான்கு நாள் கூலியோடு விடுப்பு கொடுப்பதற்கு ஆகும் செலவு, கடையிலுள்ள அனைவரும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டால் வரும் நஷ்டத்தைவிடக் குறைவு.