கணுக்காலில் ஒரு மூக்கு

‘குடித்தால் காட்டிக்கொடுக்கும் வாட்ச் வந்திருக்காமே, எங்க வீட்டு ஆளுக்கு ஒண்ணு வாங்க முடியுமா?’ என்று தக்கலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வந்திருப்பது உண்மைதான். ஆனால் அதிகம் புழங்குவது காலில் கட்டும் பட்டை. குடித்துவிட்டு வண்டியோட்டி மாட்டியவர்களின் கணுக்காலில் அமெரிக்க நீதிமன்றங்கள் 2003 முதல் இதைப் பூட்டி அனுப்புகின்றன. 2021இல் இங்கிலாந்து முழுக்கவும் வந்துவிட்டது.

குடித்ததைக் கல்லீரல் எரிப்பது தெரிந்த கதை. ஆனால் நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்கு தோல் வழியே ஆவியாகக் கசிகிறது. அதற்கு வியர்வை வழிய வேண்டும் என்றுகூட இல்லை. பட்டை அரை மணிக்கொரு தரம் அந்த ஆவியை முகர்கிறது. உள்ளே இருக்கும் பிளாட்டினத்தில் ஆல்கஹால் பட்டால் வேதிவினை நடந்து துளி மின்சாரம் பிறக்கும். போலீஸ் ஊதச் சொல்லும் கருவிகள் பலவற்றிலும் இதே வித்தைதான்.

என்னை மயக்கியது இதன் துப்பறியும் மூளை. சானிடைசரிலும் சென்ட்டிலும் ஆல்கஹால் உண்டே, குழம்பாதா? வெளியே தெளித்தது விருட்டென்று ஏறி விருட்டென்று இறங்கிவிடும். வயிற்றுக்குள் போனதோ இரத்தத்தில் சுற்றித் தோலுக்கு வந்துசேர நேரமாகும். மெள்ள ஏறி, கல்லீரலின் நிதானத்தில் மெள்ள இறங்கும். வரைபடக் கோட்டின் சாய்வைப் பார்த்தே எது தொண்டைக்குள் போனது என்று சொல்லிவிடலாம். நடுவில் துணியையோ பிளாஸ்டிக்கையோ செருகப் பார்த்தால் அகச்சிவப்புக் கதிரும் வெப்பமானியும் பிடித்துவிடும்.

நீதிமன்றத்தின் மிரட்டலுக்குப் பதில் பரிசு கொடுத்தால்? டெக்சஸில் ஆய்வாளர்கள் இதே பட்டையைக் கட்டிவிட்டு, எல்லை மீறிக் குடிக்காதவர்களுக்கு வாராவாரம் பணம் கொடுத்துப் பார்த்தார்கள், குடி குறைந்தது. நம் பக்கத்துச் சோதனை சென்னையில் நடந்தது. ஃபிராங்க் ஷில்பாக் என்ற பொருளியலாளர் 229 சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்களை மூன்று வாரம் தினம் ஊதச் சொன்னார். ஒரு பிரிவினருக்குப் போதையில்லாமல் வந்தால் 120 ரூபாய், போதையோடு வந்தால் 60. முடிவு 2019இல் வெளியானது. பகல் குடி குறைந்தது, சேமிப்பு பாதிக்கு மேல் கூடியது. ஆனால் மொத்தக் குடி பெரிதாகக் குறையவில்லை; ஊதிக் காட்டிவிட்டு ராத்திரிக்குத் தள்ளிவைத்தார்கள்! ஊதும் கருவிக்கு ஒரு நொடிதான் தெரியும். ராத்திரியும் விழித்திருக்கும் பட்டைக்கு இங்கேதான் சோலி.

அதே ஆய்வில் இன்னொன்று: கைக்கு வரும் பணம் குறைந்தாலும் பரவாயில்லை, நிபந்தனை இருக்கட்டும் என்று பாதிக்கு மேற்பட்டவர்கள் கேட்டு வாங்கினார்கள். எங்கள் ஊரில் பனையேறுபவர் கலயத்தில் முன்கூட்டியே சுண்ணாம்பு தடவி வைப்பார். தடவினால் விடியலில் பதநீர், மறந்தால் கள். நாளைய தன்னை நம்பாமல் இன்றே சுண்ணாம்பு தேடிய அந்த மனிதர்களைத்தான் நாம் ‘திருந்தாத ஜென்மம்’ என்கிறோம்.

குடிகாரனுக்குக் காசா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரத் தொடங்கினார்கள். உடைந்த கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கிறதே என்ற கவலை. நல்ல கவலை. பத்து ரூபாய்க்கு மனிதர் பழக்கத்தை மாற்றுவார் என்று கண்டுகொண்ட அரசு, அந்த அறிவைக் கல்லீரலுக்கும் கொஞ்சம் செலவழிக்கலாம். பரிசு நின்றால் பலருக்குப் பலன் தேய்கிறது என்பதும் மெய். கூடவே சிகிச்சை வேண்டும்.

வாசகிக்கு: நம்ம ஊர்க் கடைகளில் இதை நான் பார்த்ததில்லை. கிடைத்தாலும் அவர் தூங்கும்போது மாட்டிவிடாதீர்கள். அவரே காலை நீட்ட வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.