கிலோ இல்ல, கூறு

சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் கரையிலிருந்து உப்பங்கழியைத் தாண்டி மேற்கே சில கிலோமீட்டர் போனால் கேளம்பாக்கம். அதற்கு வடக்கே சிறுசேரி சிப்காட், தெற்கே காலவாக்கம். இந்த வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கணினி படிக்கும் பிள்ளைகள் சிஸ்டம் அனாலிசிஸ் பழக எடுத்துக்கொள்வது பாஸ்போர்ட் ஆட்டோமேஷன், புக் பேங்க், ரயில் முன்பதிவு. அண்ணா பல்கலைக்கழக ஆய்வகப் பட்டியலில் நெடுநாளாக இருந்தவை இவை. பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலையே மிதிக்காத பையன், சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து யூஸ் கேஸ் படம் வரைந்து, வைவாவையும் தாண்டிவிடுகிறான்.

இத்தனைக்கும் இந்தப் பாடத்துக்கு நம்மவரே வேறு வழி காட்டியிருக்கிறார். 1933-ல் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன், 1963-ல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 வந்தபோது அதை வைத்துக் கணினிப் பாடம் நடத்தியவர்களில் ஒருவர். எம்.சி.ஏ. படிப்பு உருவாவதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. சிஸ்டம் அனாலிசிஸுக்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று, விடுதி மெஸ். மாணவன் தினமும் சாப்பிடும் இடம். பில் ஏன் ஏறியது என்று சண்டை போடத் தெரிந்த இடம்.

கோவளத்துப் பிள்ளைக்கு அப்படிப்பட்ட இடம் மீன் ஏலம். ஒரு மாணவி அதை மினி புராஜெக்டாக எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலேயே உட்கார்ந்து அட்டவணை போடுகிறாள்: மீன் பெயர், எடை, கிலோ விலை. கச்சிதமாகத்தான் இருக்கிறது. காலையில் கரைக்கு வந்து, மீன் விற்கும் அக்காவிடம், "கிலோ எவ்ளோக்கா?" என்று கேட்கிறாள்.

"கிலோ இல்ல கண்ணு, கூறு."

அட்டவணையின் இரண்டு பத்திகள் அங்கேயே விழுந்துவிட்டன. கூறு என்றால் எத்தனை மீன்? கலப்பு மீன் வந்தால்? அது எடையல்ல, கண் அளவு. அதை எண்ணாக மாற்றுவதா, கூறாகவே விட்டுவிடுவதா என்பதுதான் மாடலிங். பைத்தான் பாடத்தில் 'ஹனோய் கோபுரம்' என்ற புதிர் வரும். அதில் விதிகள் முன்பே எழுதிக் கையில் தரப்பட்டிருக்கும். கரையில் விதியைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கம்யூனிகேஷன் ஸ்கில் என்றதும் ஆங்கிலமும் குரூப் டிஸ்கஷனும் நினைவுக்கு வருகின்றன. எனக்கு அது அந்த அக்காவிடம் இரண்டாவது கேள்வி கேட்கத் தெரிவது. அதைவிடக் கடினம், கேட்டதைத் திருப்பிச் சொல்லி, "நான் புரிஞ்சுக்கிட்டது சரியாக்கா?" என்பது. இதற்கு மதிப்பெண் கிடையாது.

ஏட்டின் அளவும் கரையின் அளவும் பொருந்தாத இந்தச் சிக்கல் பெரிய நிறுவனங்களுக்கும் உண்டு. ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ், மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளைச் செயற்கைக்கோள் தரவிலிருந்து கணித்துக் கரைகளுக்கு அனுப்புகிறது. தூரம் கிலோமீட்டரில், திசை டிகிரியில், ஆழம் மீட்டரில். கடலோடி ஆழத்தைச் சொல்வது பாகத்தில். இரு கையையும் விரித்தால் வருகிற நீளம். காற்றைச் சொல்வது வாடை, கொண்டல் என்று. தரவு சரியாகவே இருந்தாலும் நடுவில் ஒருவர் பெயர்க்காமல் அது படகேறாது.

மாணவியிடம் திரும்புவோம். டேட்டா ஃப்ளோ டயகிராம் போடுகிறாள். டாம் டிமார்கோவின் 1978-ஆம் ஆண்டு நூல் பரப்பிய முறை அது: வட்டங்கள் வேலைகள், அம்புகள் தகவல். படகு வருகிறது, ஏலம் நடக்கிறது, பணம் வருகிறது, டீசல் செலவு போக மீதி பங்காகிறது. ஆளுக்கு ஒரு பங்கு என்று எழுதியிருந்தாள். படகுக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும்கூடப் பங்கு உண்டு என்று தெரிந்ததும் அடித்துத் திருத்துகிறாள்.

அப்புறம் போகிற போக்கில் ஓர் அண்ணன் சொல்கிறார், "எல்லா மீனும் ஏலத்துக்கு வராதும்மா." வலைக்கோ எஞ்சினுக்கோ வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகு, மீனை அவருக்குத்தான் போட வேண்டும். இந்தக் கடற்கரையின் பல ஊர்களில் உள்ள வழக்கம். யாரும் எழுதி வைப்பதில்லை. படகிலிருந்து வியாபாரிக்கு, ஏல வட்டத்தைத் தொடாமல், அவள் ஓர் அம்பு போடுகிறாள். அதன் மேல் என்ன விலை எழுதுவது என்று கேட்க நிமிர்ந்தால், அண்ணன் வலையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.