குளியல் பொருட்களின் தேர்வும் நீர்நிலைப் பாதுகாப்பும்

ஆய்வுச் சுருக்கம்

சோப்பு, ஷாம்பு, முகக்கழுவி முதலியன ‘மூலிகை’, ‘இயற்கை’ என்னும் அடைமொழிகளுடன் விற்கப்படுகின்றன. இவ்வடைமொழிகள் மூலப்பொருளின் பிறப்பிடத்தைச் சுட்டுமேயன்றி, குளித்தபின் அப்பொருள் நீரில் என்னவாகிறது என்பதைச் சுட்டுவதில்லை. நீரில் சேர்ந்த பொருள் விரைவில் சிதைகிறதா, அதுவரை உயிரினங்களுக்குத் தீங்கு செய்கிறதா என்பனவே தேர்வுக்குரிய அளவுகோல்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சீயக்காய், சப்போனின், நுண்நெகிழி, ட்ரைக்ளோசான், எக்கோமார்க்.

முன்னுரை

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்திய நகரங்களில் நாள்தோறும் ஏறத்தாழ 7,237 கோடி லிட்டர் கழிவுநீர் உருவாகிறது. அதில் சுத்திகரிக்கப்படுவது ஏறத்தாழ 2,024 கோடி லிட்டர். அதாவது 28 விழுக்காடு. எஞ்சியது சுத்திகரிக்கப்படாமலே வெளியேறுகிறது. இந்நிலையில் குளியலறையில் எதைப் பயன்படுத்துவது என்னும் முடிவே பல இடங்களில் முதலும் இறுதியுமான சுத்திகரிப்பாக அமைகிறது.

சிதையாப் பொருட்கள்

1950களில் பரவிய சலவைத்தூள்களில் கிளைத்தொடர் அமைப்புடைய அல்கைல்பென்சீன் சல்ஃபோனேட் இடம்பெற்றது. நுண்ணுயிர்களால் அதை எளிதில் சிதைக்க இயலாமையால் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை திரண்டது. நேர்த்தொடர் அமைப்புக்கு மாறிய பின்னரே அது தணிந்தது. வேதிப்பொருள் என்பதைவிடச் சிதையாமையே சிக்கலின் வேர் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

முகக்கழுவிகளில் தேய்ப்பானாகச் சேர்க்கப்பட்ட பாலிஎதிலீன் நுண்மணிகளும் இத்தகையவையே. சுத்திகரிப்பு நிலையங்களில் தடுக்கப்படுபவையும் அழிவதில்லை, கசடில் தங்குகின்றன. கழுவி நீக்கப்படும் ஒப்பனைப் பொருட்களில் இவற்றைத் தடைசெய்யும் சட்டத்தை அமெரிக்கா 2015இல் இயற்றியது. ட்ரைக்ளோசான் உள்ளிட்ட 19 கிருமிநாசினிகள் சேர்ந்த நுகர்வோர் சோப்புகளின் விற்பனைக்கு அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் தடை விதித்தது. சாதாரண சோப்பையும் நீரையும்விட அவை மேலானவை என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. ட்ரைக்ளோசான் நீர்ப்பாசிகளுக்கு நஞ்சாவதும் அறியப்பட்டதே.

மரபுப் பொருட்கள்

சீயக்காய், பூந்திக்கொட்டை ஆகியவற்றின் நுரைக்குக் காரணம் சப்போனின் என்னும் சேர்மம். இது நீரிலும் மண்ணிலும் சிதையக்கூடியது. எனினும் சிதையும்வரை மீன்களின் செவுள்களைத் தாக்கவல்லது. பூந்திக்கொட்டையை நீரில் கலந்து மீன்களை மயக்கிப் பிடிக்கும் வழக்கமும் இதனால் எழுந்ததே. ஆகவே, குளத்தினுள் நின்று சீயக்காய் தேய்த்துக் குளிப்பதும் கேடற்றதன்று. அதே நீர் கொல்லைப்புறத்து மண்ணில் பரவும்போது தீங்கு பெரிதும் குறைகிறது. பயற்றமாவும் பீர்க்கங்கூடும் நுண்மணிகளுக்குத் தகுந்த மாற்றுகள். இவை தேய்க்கும் பணியைச் செய்து மட்கிவிடுகின்றன.

தேர்வு நெறிகள்

1. உறையின் முகப்பைவிட உட்பொருள் பட்டியலை நோக்குதல் வேண்டும். பாலிஎதிலீன், ட்ரைக்ளோசான், சைக்ளோபென்டாசிலாக்சேன் ஆகிய பெயர்கள் இருப்பின் தவிர்த்தல் நலம். இறுதியாகக் கூறப்பட்டதைக் கழுவி நீக்கப்படும் பொருட்களில் 0.1 விழுக்காட்டிற்கு மிகாமல் 2020 முதல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்படுத்தியுள்ளது.

2. தாவர எண்ணெயாலான கட்டிச் சோப்பு எளிதில் சிதையும். நெகிழிப் புட்டியும் தேவைப்படாது. ஆயினும் அதிலுள்ள சோடியம் மண்ணில் சேருமாதலால், குளியல்நீரை ஒரே வாழைக்குத் தொடர்ந்து விடாமல் இடம் மாற்றி விடுதல் நன்று.

3. மண்பானைச் சின்னமுடைய எக்கோமார்க் முத்திரையை இந்திய அரசு 1991இல் அறிமுகப்படுத்தியது. புதிய விதிகள் 2024இல் வெளியாயின. இது தன்விருப்பத் திட்டமாதலின், முத்திரையின்மை மட்டுமே தீங்கிற்குச் சான்றாகாது.

4. எப்பொருளாயினும் தேவையான அளவே பயன்படுத்துதல் வேண்டும்.

முடிவுரை

இயற்கை, செயற்கை என்னும் பகுப்பு குளியல் பொருட்களின் தேர்வுக்குப் போதுமானதன்று. செயற்கைப் பொருட்களுள் விரைந்து சிதைவனவும், இயற்கைப் பொருட்களுள் மீனுக்கு நஞ்சாவனவும் உள்ளன. பொருளின் சிதைதன்மை, நச்சுத்தன்மை, அது சென்று சேரும் இடம், பயன்படுத்தும் அளவு ஆகிய நான்கையும் இணைத்து நோக்கும் தேர்வே நீர்நிலைகளைக் காக்கும்.